பட்டியலில் இல்லாத வாசல்கள்

டிசம்பர் பிறக்கும் முன்பே எங்கள் பாளையங்கோட்டைப் பக்கத்துச் சபைகளில் ஒரு பட்டியல் தயாராகிவிடும். எந்த நாள் எந்தத் தெரு, எந்த வீட்டுக்கு எத்தனை மணி என்று, வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸுக்கான பட்டியல். சங்கக் காணிக்கை கட்டும் குடும்பங்களின் பெயர்களைப் பதிவேட்டிலிருந்து அப்படியே எடுத்து எழுதுவார்கள். அந்தப் பட்டியலின் மேல்தான் எனக்கு ஆத்திரம்.

பாட்டு ஒரு தெருவுக்குள் நுழைகிறது. நாலு வீட்டைத் தாண்டுகிறது, ஐந்தாவது வீட்டு வாசலில் நிற்கிறது, மறுபடி மூன்று வீட்டைத் தாண்டிப் போகிறது. தாண்டிய வீடுகளிலும் ஆட்கள் இருக்கிறார்கள். வேன் சத்தம் கேட்டுக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து நிற்கிறார்கள். எல்லா ஜனத்துக்குமான செய்தி என்றுதான் தூதன் மேய்ப்பர்களிடம் சொன்னான். அதைப் பாடப் புறப்பட்ட நாம் பாதித் தெருவை விட்டுவிட்டு வருகிறோம்.

எங்கள் அடுத்த வீட்டு ஆச்சி சிவன் கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்ததால் பழைய கீர்த்தனைகள் பாதிக்கு மேல் அவருக்கு மனப்பாடம். போன கிறிஸ்துமஸ் சமயம் காலையில் கோலம் போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார்: “ஏம்மா, நேத்து ராத்திரி உங்க கோயில் பிள்ளைங்க வந்துச்சே, எங்க நடையில நின்னு ஒரு பாட்டு பாடக்கூடாதா? நான் லைட்டப் போட்டுட்டு உக்காந்திருந்தேம்லா.” பட்டியலில் உங்கள் பெயர் இல்லை ஆச்சி என்று நான் எப்படிச் சொல்வேன்?

சபைக் கமிட்டியில் கேட்டால் காரணம் சொல்வார்கள். வீடுகள் கூடிவிட்டன, நேரம் போதாது என்பார்கள். அதைவிடத் தயக்கத்தோடு சொல்லும் காரணம் இன்னொன்று: கூப்பிடாத வாசலில் போய் நின்றால் மதம் மாற்ற வந்ததாக யாராவது வம்பு பண்ணிவிடுவார்கள். அந்தப் பயத்தை நான் லேசாக எண்ணவில்லை, காலம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் முந்தின நாள் சாயங்காலம் அந்த வீட்டு அண்ணாச்சியிடமோ மைனியிடமோ “நாளைக்கு வரட்டுமா?” என்று ஒரு வார்த்தை கேட்பதில் என்ன கஷ்டம்? வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். வாங்க என்றால் போய்ப் பாடி, வாழ்த்துச் சொல்லிவிட்டு வரலாம். அங்கே காணிக்கைக் கவர் நீட்டக் கூடாது, பிரசங்கம் கூடாது, கைப்பிரதி கூடாது. இதைக்கூடச் செய்ய முடியாதென்றால் தெரு முக்கில் நின்று பாடுவோம். முக்கு எல்லாருக்கும் பொது.

சரி, போகிற வீட்டிலாவது பாடுகிறோமா? வேனில் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி. கீபோர்டிலோ பென்டிரைவிலோ ட்ராக் ஓடுகிறது. மைக் இரண்டு பேர் கையில். மீதிப்பேர் கை தட்டுகிறார்கள், போனில் படம் பிடிக்கிறார்கள், கிறிஸ்துமஸ் தாத்தா மிட்டாய் எறிகிறார். வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் அவர் குரல் அவருக்கே கேட்காது. இரண்டு சரணம், ஒரு ஜெபம், அடுத்த வீடு. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளே சொல்கின்றன. நாமோ நள்ளிரவு தாண்டியும் அலறவிடுகிறோம். அரையாண்டுத் தேர்வு நடக்கிற மாதம் இது. விடிந்தால் கணக்குப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளையைத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டு, சமாதானப் பாட்டை அதன் காதில் எப்படி இனிக்க வைப்பது?

உலகம் முழுக்கப் பாடப்படும் ‘சைலன்ட் நைட்’ 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில், ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ஃப் என்ற சிற்றூர்க் கோயிலில் முதன்முதலாகப் பாடப்பட்டது. எழுதிய உதவிப் பாதிரியார் யோசேப் மோரும், மெட்டமைத்த வாத்தியார் ஃபிரான்ஸ் குரூபரும் ஒரு கிதாரோடு நின்று பாடினார்கள். அந்தப் பாட்டுக்கு அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது. நமக்கு மட்டும் ஜெனரேட்டர் இல்லாவிட்டால் கேரல் ரவுண்ட்ஸே இல்லை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கீர்த்தனைகள் எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் 1774-இல் நம் திருநெல்வேலியில் பிறந்தவர். தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். பெத்லகேமைப் பாட அவர் எடுத்துக்கொண்டது குறவன் குறத்தி கதை சொல்லும் குறவஞ்சியை. சிங்கனையும் சிங்கியையும் ஏற்கெனவே அறிந்திருந்த ஜனங்களுக்கு அந்த வடிவத்திலேயே கதையைக் கொடுத்தார். மதுரை அமெரிக்கன் மிஷனின் எட்வர்ட் வெப் 1853-இல் அச்சிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் தொடங்கி, இன்று நம் பைக்குள் இருக்கும் புத்தகம் வரை அந்த வழிதான். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். எழுத்துத் தெரியாதவரும் இரண்டாம் தடவை பல்லவியில் சேர்ந்துகொள்ளலாம். முன்பின் தெரியாதவரையும் பாட்டுக்குள் கூட்டிக்கொண்டு வர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வழி நம் கையில் இருக்கிறது. ட்ராக்கைப் போட்டு அதை நாமே அடைத்து வைத்திருக்கிறோம்.

இதே நாட்களில்தான் மார்கழியும் பிறக்கிறது. விடியற்காலையில் திருப்பாவை பாடிக்கொண்டு பஜனைக் கோஷ்டி தெருவில் வருகிறது. மயிலாப்பூர் மாடவீதிகளில் பாபநாசம் சிவன் நடத்திய மார்கழி பஜனையைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அத்தனை பெரிய வித்துவான் நடந்துகொண்டே பாடினார், கூட நடந்தவர்களும் பாடினார்கள். சுருதி சேராதவரை யாரும் போகச் சொல்லவில்லை.

கோயிலுக்குள் நடக்கும் நம் கேரல் சர்வீஸில் அந்தச் சுதந்திரமும் போய்விட்டது. ஒன்பது வேதபாடமும் கேரல்களும் என்ற முறையை 1880-இல் இங்கிலாந்தின் ட்ரூரோவில் பிஷப் பென்சன் தொடங்கினார். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் 1918-இல் அதைக் கொண்டுவந்த எரிக் மில்னர்-ஒயிட், முதல் உலகப்போரில் படைக் குருவாக இருந்துவிட்டு வந்தவர். ஆராதனையில் இன்னும் உயிர் வேண்டும் என்று எண்ணித்தான் அதைச் செய்தார். அங்கே ஒரு சிறுவன் தனிக்குரலில் தொடங்குகிறான், பாடகர் குழு சேருகிறது, பிறகு சபையே எழுந்து பாடுகிறது. நாம் அந்த முறையை வாங்கிக்கொண்டோம், சபை பாடும் இடத்தை மட்டும் சுருக்கிக்கொண்டே வருகிறோம். ஒரே நிறத்தில் சேலை, நாலு குரலில் ஆங்கிலப் பாட்டு, அடுத்தடுத்துப் பத்துப் பதினைந்து. நன்றாகத்தான் பாடுகிறார்கள். பயிற்சிக்கு அவர்கள் படும் பாட்டை நான் அறிவேன், மதிக்கிறேன். ஆனால் பெஞ்சில் இருப்பவர்களுக்குத் தொடக்கத்தில் ஒரு பாமாலை, முடிவில் ஒரு பாமாலை. அன்றைக்கு மட்டும் கோயில் வாசலை மிதிக்கிற விருந்தாளிக்கோ பாட்டுத் தாள்கூடக் கிடையாது. பெரிய எழுத்தில் நாலு தமிழ்ப் பாட்டை அச்சடித்துக் கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்?

மறுபடி வாசல்களுக்கு வருகிறேன். 2023 டிசம்பர் 17, கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வென்ட் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. அன்றும் மறுநாளும் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த வாரம் எங்கள் பக்கம் சாப்பாட்டுப் பொட்டலம் தூக்கிக்கொண்டு போன பிள்ளைகள் எந்த வீடு எந்தச் சபை என்று பார்க்கவில்லை. எல்லா வாசலிலும் நின்று குரல் கொடுத்தார்கள். எல்லாக் கதவும் திறந்தது. சோறு போன வாசலுக்குப் பாட்டு போனால் யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்? அந்தப் பழக்கத்தை ஏன் அடுத்த வருஷமே விட்டுவிட்டோம்? என்னால் இதைத் தாங்க முடியவில்லை.

அவசரம் இன்னொரு பக்கம். அட்வென்ட்டின் நாலு ஞாயிறும் காத்திருக்கும் காலம். வருகையைப் பாடும் பாமாலைகள் புத்தகத்தில் இருக்கின்றன, அவற்றைப் பாடத்தான் ஆளில்லை. முதல் ஞாயிறே தொழுவமும் மேய்ப்பர்களும் வந்துவிடுகிறார்கள். பண்டிகை வருவதற்குள் எல்லாருக்கும் தொண்டை கட்டிப்போகிறது. 25-ஆம் தேதி மதியச் சாப்பாட்டோடு பாட்டும் முடிந்துவிடுகிறது. உண்மையில் கிறிஸ்துமஸ் காலம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது, ஜனவரி 6 பிரசன்னத் திருநாள் வரை பன்னிரண்டு நாள் இருக்கிறது. அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருப்பவர்களும், கோயிலுக்கு வர முடியாத முதியவர்களும் அப்போதும் அங்கேயேதான் இருக்கிறார்கள்.

ஆகவே கமிட்டிக்கு என் விண்ணப்பம் இது. இந்த வருஷப் பட்டியலில் வீட்டுப் பெயரை விட்டுவிட்டுத் தெருப் பெயரை எழுதுங்கள். டிசம்பர் 25-க்குள் முடிக்க முடியாத தெருக்களை 26 முதல் ஜனவரி 6 வரை வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் புறப்பட்டு எட்டரைக்குள் திரும்புங்கள். ஆர்மோனியம் ஒன்று, தபேலா ஒன்று, பாட்டுத் தாள் நூறு போதும். வேன் வேண்டாம், நடந்து வருகிறோம். தாள் அடிக்கும் செலவை எங்கள் பெண்கள் ஐக்கியம் ஏற்றுக்கொள்ளும்.