இரும்பைத் துடைக்கும் வேலை



தோட்டத்திலிருந்து பட்டணத்து இயந்திரப் பட்டறைக்கு வேலை பழகப் போன பிள்ளை, முதல் சம்பளத்தோடு வீட்டுக்கு வருகிறான். “என்னய்யா வேலை குடுத்திருக்காங்க?” என்று தாயார் ஆவலோடு கேட்கிறார். “இரும்புக் கட்டையத் தொடைச்சி, எண்ணெய் பூசி, பெட்டியில வைக்கிறேன்மா” என்கிறான் பிள்ளை. தாயாரின் முகம் வாடிவிடுகிறது. ஐந்தாம் படிவம் வரை படிக்க வைத்தது இதற்குத்தானா என்று தகப்பனாருக்கும் மனக்குறை. “வேறு வேலை பார்” என்ற பேச்சும் சில வீடுகளில் எழுந்துவிடுகிறது.

அவசரப்படாதீர்கள். அந்தக் கட்டை என்ன, அதை ஏன் துடைக்க வேண்டும் என்று இன்று பார்ப்போம். பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

பட்டறையில் அதற்கு ‘செட்டப் பிளாக்’ என்று பெயர். நாம் அளவுக் கட்டை என்று சொல்லிக்கொள்வோம். எஃகைக் கடினப்படுத்தி, எல்லாப் பக்கங்களையும் மிக நுட்பமாகச் சாணை பிடித்துச் செய்தது. எதிரெதிர்ப் பக்கங்கள் இணையாக இருக்கும். அடுத்தடுத்த பக்கங்கள் மூலைமட்டம் வைத்தாற்போல் இருக்கும். அதிகமாகப் புழங்குவது ‘1-2-3 பிளாக்’. 1 அங்குலக் கனம், 2 அங்குல அகலம், 3 அங்குல நீளம். பெயரும் அதனால் வந்ததே. பெரும்பாலும் ஜோடியாக விற்பார்கள். ஒரே கட்டையை மூன்று விதமாக நிறுத்தி மூன்று உயரங்களைப் பெறலாம்.

இதன் வேலை என்ன? இயந்திரம் இரும்பை வெட்டுவதற்கு முன், அந்த இரும்பைச் சரியான இடத்தில், சாய்வில்லாமல் நிறுத்த வேண்டும். அதற்கு அடியிலே தாங்கலாக வைப்பது இந்தக் கட்டை. நூறு துண்டுகளை ஒரே நீளத்தில் வெட்ட வேண்டுமானால், தடுப்பை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று காட்டுவதும் இதுவே.

வெட்டும் கட்டரின் உயரத்தைக் கண்டுபிடிக்கவும் இது உதவும். முதலில் சுழற்சியை முழுவதும் நிறுத்திவிட வேண்டும். வேலைப்பொருளின் மேல் கட்டையை வைத்து, பக்கத்தில் நிற்கும் கட்டரை மெதுவாக உயர்த்திக்கொண்டே, கட்டை அதன் அடியில் நுழைகிறதா என்று தள்ளிப் பார்க்க வேண்டும். மட்டுமட்டாக நுழையும் இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். கட்டையை 1 அங்குலமாக வைத்திருந்தால் கட்டர் சரியாக 25.4 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது என்று பொருள். கட்டரைக் கட்டையின் மேல் இறக்கிப் பார்க்கக் கூடாது. கட்டரின் நுனி சிதறிவிடும்.

இப்போது ஒரு சின்னக் கவனக்குறைவைப் பாருங்கள். கட்டையை 2 அங்குலமாக நிறுத்தி வைத்து அளந்துவிட்டு, கணினி இயந்திரத்தில் 3 அங்குலம் என்று எழுதிவிட்டால்? கட்டர் இறங்க வேண்டியதற்கு மேல் இன்னும் 25.4 மில்லிமீட்டர் கீழே பாயும். வேலைப்பொருள் பாழ், கட்டர் பாழ். இயந்திரத்தின் சுழல்தண்டும் அடிபடலாம். பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. ஓர் எண்ணில் வந்த பிழைக்கு இவ்வளவு விலை!

இனித் துடைப்பதற்கு வருவோம். ஒரு தலைமயிரின் கனம் ஏறக்குறைய 0.07 மில்லிமீட்டர். அதைவிடச் சற்றே பருமனான 0.1 மில்லிமீட்டர் இரும்புத்தூள் ஒன்று, 3 அங்குலக் கட்டையின் ஓர் ஓரத்தின் அடியில் சிக்கிக்கொண்டது என்று வையுங்கள். அந்தக் கட்டையின் மேல் 6 அங்குல நீளமுள்ள இரும்பை வைத்தால், அது 0.2 மில்லிமீட்டர் சாய்ந்துவிடும். பார்த்தால் தெரியாது. வெட்டி முடித்துச் சோதிக்கும்போதுதான் தெரியும். அப்போது அது பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். துணியால் ஒரு முறை துடைத்திருந்தால் தப்பியிருக்கும். கை வியர்வை பட்டாலே எஃகு துருப்பிடிக்கும். நம் ஊர் ஈரக்காற்றைக் கேட்கவே வேண்டாம். எண்ணெய் பூசிப் பெட்டியில் வைப்பது அதற்காகத்தான்.

இந்தக் கட்டைக்கு இன்னும் நுட்பமான அண்ணன் ஒருவர் உண்டு. அவர் பெயர் ‘கேஜ் பிளாக்’. 1896-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டுத் துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன் என்பவர் கண்டுபிடித்தது. மனைவியின் தையல் இயந்திரத்தையே சாணை பிடிக்கும் இயந்திரமாக மாற்றி வீட்டில் வேலை செய்தாராம்! அவருடைய 102 கட்டைகளை வெவ்வேறு விதமாகச் சேர்த்தால் 20,000 அளவுகள் கிடைத்தன.

கணக்கு சுலபம். 38.765 மில்லிமீட்டர் வேண்டுமா? கடைசி எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். 1.005, 1.26, 6.5, 30 ஆகிய நான்கையும் கூட்டிப் பாருங்கள். சுத்தமான இரண்டு கட்டைகளை அழுத்தித் தேய்த்துச் சேர்த்தால், பசையில்லாமலே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அழுக்கிருந்தால் ஒட்டாது. தாங்கல் வைக்கவும் இறுக்கிப் பிடிக்கவும் 1-2-3 கட்டையைத்தான் எடுக்க வேண்டும். அளந்து சரிபார்ப்பதற்கே கேஜ் பிளாக். இரண்டையும் குழப்பிக்கொள்ளும் பிள்ளை ஏச்சு வாங்குவான்.

அளவுக்கு வெயிலும் பகை. இந்தக் கட்டைகளின் அளவு 20 பாகை செல்சியஸ் வெப்பத்துக்குச் சொல்லப்பட்டது. 30 பாகை வெப்பத்தில் 100 மில்லிமீட்டர் எஃகு, 0.01 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீண்டுவிடும். சோதனை அறைகளுக்குக் குளிர்சாதன வசதி செய்திருப்பது இதனால்தான். ஆட்களின் சொகுசுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். கட்டையை வெகுநேரம் கையில் பிடித்திருக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

பெற்றோர்களே, இந்த நுட்பம் நம்மவர்களுக்குப் புதிதல்ல. பால்மரம் சீவிய நம் பெரியவர்களை எண்ணிப் பாருங்கள். கத்தி ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம். மேலோடு ஓடினால் பால் குறைவு. பட்டைக்குள்ளே இருக்கும் உயிர்ப்படலத்துக்கு 1 மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே கத்தியை நிறுத்த வேண்டும். விடியற்காலை விளக்கு வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் அப்படி நிறுத்தினார்கள். கூடப் போன சிறுவர்கள் மங்கு துடைத்தார்கள். துடைக்காத மங்கில் விழுந்த பால் நல்ல பாலாக இருக்காது என்பது அன்றே அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே அந்தப் பிள்ளையிடம் “கட்டையைத் துடைக்கிறாயா?” என்று குறைவாகக் கேட்காதீர்கள். “எந்தக் கட்டையை எந்தப் பக்கமாக வைத்தாய்? எழுதிய எண்ணை இரண்டாம் முறை சரிபார்த்தாயா?” என்று கேளுங்கள். அடுக்கிய கட்டைகளை இரவில் பிரித்து வைத்தாயா என்றும் கேளுங்கள். ஒட்டியபடியே விட்டால் முகம் கெட்டுவிடும். இயந்திரம் சுழலும்போது கையுறை போடாதே, முழுவதும் நிற்காமல் கையை நீட்டாதே என்று தினமும் சொல்லி அனுப்புங்கள். பெண் பிள்ளைக்கும் இந்த வேலை வரும். முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஐ.எல்.பி. என்னும் அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன.

பட்டறை முதலாளி புதிய பையனிடம் முதலில் கட்டையைக் கொடுப்பது, அவன் கையையும் பொறுமையையும் அளந்து பார்க்கத்தான். இரும்பைச் சுத்தமாகத் துடைக்கிறவனை நம்பித்தான் நாளைக்கு இயந்திரத்தைக் கொடுப்பார்.

அடுத்த முறை மைக்ரோமீட்டரைப் பற்றிப் பார்ப்போம்.