வானுக்கும் வாயிற்காவல் வேண்டும்

நிலத்திற்கு எல்லை உண்டு. நீருக்கு எல்லை உண்டு. வானுக்கும் எல்லை உண்டு. ஒரு நாட்டின் மேலுள்ள வான்வெளி அந்நாட்டுக்கே உரியது என்பது 1944ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கை ஒப்பிய நெறி. போர்க்கலன் ஏற்றிய குடிசார் வானூர்தி, ஒரு நாட்டின் இசைவின்றி அதன் வானில் செல்லலாகாது என்கிறது அதன் 35ஆம் பிரிவு. இந்தியாவின் 1937ஆம் ஆண்டு வானூர்தி விதிகளுள் 8ஆம் விதியும், படைக்கலம் ஏற்றிச் செல்ல நடுவணரசின் எழுத்துவழி இசைவைக் கட்டாயமாக்கியது.

சட்டம் இருந்தது, காவல் இருந்ததா?

1995 திசம்பர் 17ஆம் நாள் இரவு, அந்தோனோவ்-26 வகைச் சரக்கு வானூர்தி ஒன்று மேற்கு வங்கத்துப் புரூலியா மாவட்டச் சிற்றூர்களின்மேல் பலநூறு துமுக்கிகளையும் குண்டுகளையும் வான்குடையில் இறக்கியது. பின்னர் ஏதுமறியாததுபோற் கொல்கத்தாவில் இறங்கி, தாய்லாந்து சென்றது. திரும்பும் வழியில் நம் சென்னையிலும் இறங்கி எரிநெய் நிரப்பிக்கொண்டது! அதன் பிறகே வான்படை அதனை மறித்து மும்பையில் இறக்கியது. அங்கும் முதன்மைக் குற்றவாளி நழுவிவிட்டான்.

இதனினும் கொடுமை ஒன்றுண்டு. தில்லிக்கு முன்னரே துப்புக் கிடைத்திருந்தது. ஆனால் மேற்கு வங்க அரசுக்கான எச்சரிக்கை பதிவஞ்சலிற் புறப்பட்டது. படைக்கலம் வீழ்ந்த பின்னரே போய்ச் சேர்ந்தது. வீடு எரிந்தபின் வந்த நீர்க்குடம் யாருக்குப் பயன்?

ஏன் இந்நிலை? அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் படைக்கலமும் வான்போக்குவரவும் நடுவணரசின் பட்டியலில் உள்ளன. காவலும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் உள்ளன. இசைவு வழங்கும் கை தில்லியில்; இடர் விழும் தலை மாநிலத்தில்!

கொங்குநாடு இதன் விளைவைக் கண்டதுண்டு. ஈழத்தில் தமிழினம் அழிந்துகொண்டிருந்த 2009 மே 2ஆம் நாள், கோவை நீலம்பூர் அருகே படைத்துறைச் சரக்குந்துகள் தாக்கப்பட்டன. அவற்றில் இலங்கைக்குப் படைக்கலம் செல்வதாக உணர்வாளர்கள் நம்பினர், படைத்துறையோ மறுத்தது. தாக்குதல் தீர்வன்று. ஆயினும், உண்மையை மக்கள் கேட்டறிய வழியில்லாத இடத்தில் ஐயம் முளைக்கும்; ஐயம் முற்றினால் சினமாகும். சாலையில் ஓடும் உந்தையேனும் கண் காணும். சூலூர்த் தறிக்கூடங்களுக்கும் பல்லடத்துத் தோட்டங்களுக்கும் மேலே இரவிற் பறக்கும் ஊர்தியின் வயிற்றில் இருப்பதை யார் காண்பார்?

நாட்டுக் காவலுக்கு மறைவு வேண்டும் என்பர். வேண்டும், பயணம் முடியுமட்டும் வேண்டும். முடிந்த பின்னும் யாரிடமிருந்து மறைப்பு?

எனவே கேட்கவேண்டியவை இரண்டு. இசைவு தரும்போதே, வழியிலுள்ள மாநிலத்தின் காவல்துறைத் தலைமைக்கு மந்தணமாக அறிவிக்கவேண்டும். ஆண்டுதோறும் எத்தனை இசைவுகள், எந்நாட்டிலிருந்து எந்நாட்டிற்கு, எவ்வகைச் சரக்கிற்கு வழங்கப்பட்டன என்னுங் கணக்கை நாடாளுமன்றத்தில் வைக்கவேண்டும். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் இதனை அங்கே எழுப்புக! தலைமேற் செல்வது இன்னதென அறியும் உரிமை, தலையுடைய ஒவ்வொருவருக்கும் உண்டு.