எண்ணிக்கையில் வராத மரணங்கள்

மத்தியப் பிரதேசத்தின் அலிராஜ்பூர், ஜாபுவா, தார் மாவட்டங்களைச் சேர்ந்த பழங்குடியினர், பிழைப்புத் தேடி குஜராத்தின் கோத்ரா பகுதியிலுள்ள கல் அரைவை ஆலைகளுக்குச் சென்றனர். ஊர் திரும்பியபோது அவர்களது நுரையீரலில் சிலிக்கா தூள் படிந்திருந்தது. இறந்துபோன 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா ரூ.3 லட்சம் வழங்குமாறு குஜராத் அரசுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2016-ஆம் ஆண்டில். வழக்குத் தொடரப்பட்டதோ 2006-இல்!

இந்தத் தாமதத்துக்கு நீதிமன்ற நடைமுறைகளை மட்டும் குறைகூறிப் பயனில்லை. நோய் உண்டான இடம் ஒரு மாநிலம். உயிர் பிரிந்த இடம் வேறொரு மாநிலம். இரண்டையும் இணைத்துக் காட்டும் பதிவேடு எதுவும் இல்லை என்பதே அடிப்படைக் குறை.

சிலிகோசிஸ் நோயைத் தடுக்க முடியும். வந்துவிட்டால் குணப்படுத்த முடியாது. அறிகுறிகள் ஒத்திருப்பதால் காசநோய் எனத் தவறாகக் கருதி மருந்து கொடுக்கப்படுவதும் உண்டு. அவ்வாறு நேரும்போது, தொழில் தந்த நோய் அரசின் கணக்கிலிருந்து மறைந்து விடுகிறது. உரிமையாளரின் பொறுப்பும் கூடவே மறைகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே இதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அப்படியே. ஆனால், சுரங்கங்கள் நீங்கலாக, பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் பணிபுரியும் பட்டறைகளுக்கு இத்தொகுப்பு பொதுவாகப் பொருந்துவதில்லை. கல் செதுக்கும் தொழிலாளர்களில் பலரும் இத்தகைய சிறு கூடங்களில்தான் இருக்கிறார்கள். தொழிலாளர் நலம் ஒரு துறையிடமும், சிகிச்சை வேறொரு துறையிடமும் இருப்பதால் கிடைக்கும் தகவல்களும் சிதறிப் போகின்றன.

செய்து காட்ட முடியாத காரியம் அல்ல இது. காசநோயைத் தெரிவிப்பது 2012-இல் கட்டாயமாக்கப்பட்டது. அதே ஆண்டில் தொடங்கிய 'நிக்ஷய்' இணையப் பதிவு, நோயாளி ஊர் மாறினாலும் அவரது சிகிச்சையைத் தொடர்ந்து கண்காணிக்க வழிசெய்தது. தனியார் மருத்துவர்களும் அதில் பதிவு செய்கின்றனர். ராஜஸ்தான் அரசு 2019-இல் சிலிகோசிஸுக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. நோய் உறுதியானால் ரூ.3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு ரூ.2 லட்சம் என உதவித்தொகையையும் நிர்ணயித்தது. தொழிலாளி இணையவழியே விண்ணப்பிக்கவும் வழி செய்தது. உதவி கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் தொழிலாளி பரிசோதனைக்கு முன்வருவார். அப்போதுதான் கணக்கும் உண்மையாகும்.

இதை ஒரு மாநிலத்தோடு நிறுத்திவிடலாகாது. மத்திய அரசு தேசியப் பதிவேடு ஒன்றை உருவாக்க வேண்டும். காசநோய்க்குச் சிகிச்சை பெற வருவோரிடம் அவர் செய்யும் தொழில் என்ன, எந்த ஊரில் செய்தார் என்று கேட்டுப் பதிவதையும் கட்டாயமாக்க வேண்டும். மாவட்டவாரியான எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிட்டு நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். பெயர்களும் மருத்துவ விவரங்களும் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும். வேலை பறிபோகும் என்ற அச்சம் இருக்கும்வரை எவரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் எந்தப் பட்டறையில் நீர் தெளிக்கவில்லை, எங்கே தூசி உறிஞ்சும் கருவி இல்லை என்று ஆய்வாளரைக் கேட்க முடியும். கோயில்களுக்கும் மாளிகைகளுக்கும் கல் செதுக்கித் தருபவர்களின் மரணத்தைக் கணக்கிடக்கூட மறுப்பது ஒரு குடியரசுக்கு அழகல்ல.