பழைய டீசல் காருக்கு மாற்று இன்ஜின்... எதை நம்பி வாங்கலாம்?

"இன்ஜின் வேலைக்கு வந்துடுச்சு சார். புதுப்பேட்டைல ஒரு இன்ஜின் இருக்கு, மாத்திடலாமா?"

பன்னிரண்டு வருஷமாக ஆபீஸுக்கும் ஸ்கூலுக்கும் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விஃப்ட் டீசல் காரை வைத்திருப்பவர்கள் ஒருநாள் இந்தக் கேள்வியைச் சந்திக்கிறார்கள். புது கார் வாங்க பட்ஜெட் இல்லை. இந்த நிலைமையில் விற்றால் பெரிதாக விலையும் போகாது. நாளைக்குக் காலையில் கார் வேண்டும். சட்டென்று தலையாட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது, புது இன்ஜின் எவ்வளவு என்பதல்ல. பழைய இன்ஜின் எதனால் போனது என்பதுதான். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. அதற்கு பிஸ்டன் ரிங் மட்டும்தான் காரணம் என்றில்லை. டர்போவின் சீல் போயிருந்தாலும் அதே புகைதான் வரும். விடாமல் வெள்ளைப் புகை வந்து கூலன்ட்டும் குறைந்தால், ஹெட் கேஸ்கெட் மட்டும் போயிருக்கலாம். கறுப்புப் புகை என்றால் இன்ஜெக்டர், ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். இவை எதற்கும் இன்ஜினையே மாற்றத் தேவையில்லை.

இன்ஜின் சூடாகி சீஸ் ஆகியிருந்தால் ரேடியேட்டர், ஃபேன், தெர்மோஸ்டாட் மூன்றில் எது கெட்டது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும். அதைச் சரிசெய்யாமல் மாட்டினால், அடுத்த இன்ஜினும் அதே வழியில்தான் போகும்.

இந்த 1.3 லிட்டர் டீசல், ஃபியட் வடிவமைத்தது. 1,248 சிசி. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ என்று பல கம்பெனி கார்களில் இருந்ததால் 'தேசிய இன்ஜின்' என்றே செல்லப்பெயர் வாங்கியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் வந்தபோது மாருதி இதை நிறுத்திவிட்டது. ஆகவே இப்போது சந்தையில் சுற்றுவது பெரும்பாலும் பழைய கார்களில் இருந்து கழற்றியவைதான்.

"எல்லாம் ஒரே இன்ஜின்தானே, விஸ்டாவோடதைப் போட்டுடலாம்" என்று சொல்பவர்களும் உண்டு. சிசி ஒன்றுதான். மவுன்ட்டிங், ஒயரிங், இசியு எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 75 குதிரைத்திறனில் ஒரு வகை, வேறு டர்போவோடு 90 குதிரைத்திறனில் இன்னொரு வகை. தினமும் ஓட்டுகிற காரில் இந்தப் பரிசோதனை வேண்டாம். அதே மாடல், அதே வகை என்றால் மட்டும் பேசுங்கள்.

உண்மையில் நம்பகமான தேர்வு, பல நேரம் உங்கள் இன்ஜினேதான். பிளாக்கில் விரிசல் இல்லை, கிராங்க் நன்றாக இருக்கிறது என்றால், நல்ல லேத்தில் கொடுத்து ரீபில்ட் செய்வதே மேல். நாள் கொஞ்சம் கூடுதலாகும். பில்லும் எகிறலாம். ஆனால், உள்ளே என்ன மாற்றினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். யாரோ ஆயில் மாற்றாமல் ஓட்டிய இன்ஜினின் கதை உங்களுக்குத் தெரியாது. இந்த மாடலில் ஆயிலை அலட்சியம் செய்தால் டைமிங் செயின் தளர்ந்துவிடும். செயின் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

ரீபில்ட்டுக்கு வழியே இல்லை, செகண்ட் ஹேண்ட்தான் என்றால், காரிலேயே இருக்கும்போது ஸ்டார்ட் செய்து காட்டுகிற இன்ஜினைத் தேடுங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஆயில் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று வந்தால் வேண்டாம். மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் பசை இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கழற்றி வைத்த இன்ஜின் என்றால் சம்ப்பைத் திறந்து உலோகத் துகள் மின்னுகிறதா பாருங்கள். கம்ப்ரஷன் டெஸ்ட் அவசியம். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அங்கேதான் பிரச்னை. டெஸ்ட் செய்ய விடமாட்டேன் என்கிற கடையில் இருந்து நடையைக் கட்டுங்கள்.

அடுத்தது பேப்பர். இதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். இன்ஜின் நம்பர் பிளாக்கில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். ஹெட்டை மாற்றினால் நம்பர் மாறாது. பிளாக்கோடு வருகிற ஹாஃப் இன்ஜினைப் போட்டாலும் மாறிவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, இன்ஜினை மாற்றினால் 14 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவித்து ஆர்.சி-யில் பதிய வேண்டும். வேலை தொடங்கும் முன்பே அங்கே விசாரித்துவிடுவது நல்லது. விட்டுவிட்டால், விபத்து க்ளெய்மின்போது இன்ஷூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்கும். 15 வருஷம் முடிந்து ஆர்.சி-யைப் புதுப்பிக்க வண்டியைக் காட்டும்போதும் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்ஜின் நம்பர் போட்ட பில், அது இருந்த காரின் ஆர்.சி நகல் இரண்டையும் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். திருட்டு கார் இன்ஜினாக இருந்தால் போலீஸ் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் முதலில் வரும். நம்பரை உரசி அழித்திருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே கிளட்ச், வாட்டர் பம்ப், கிராங்க் ஆயில் சீல், ஹோஸ்களைப் பார்த்து மாற்றிவிடுங்கள். பிறகு இவற்றில் சிலவற்றுக்காக மறுபடியும் கியர்பாக்ஸை இறக்க வேண்டி வந்தால், அதற்கும் தனியாகக் கூலி. எதற்கு வாரன்ட்டி, எத்தனை மாதம் என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ரீபில்ட் செய்த இன்ஜின் என்றால் முதல் 1,000 கி.மீ. விரட்டாமல் ஓட்டிவிட்டு, ஆயிலையும் ஃபில்டரையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.