கீழ்ப்பாக்கம்னா சிரிப்பா?

"இவனைக் கீழ்ப்பாக்கத்துல சேர்க்கணும்டா"ன்னு சினிமால ஒரு வசனம் வந்தா போதும், தியேட்டரே சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குள்ள ஒரு நினைப்பு இருக்கு. பைத்தியம்னா எல்லாம் ஒண்ணுதான், அதுக்கு ஒரே இடம்தான், உள்ளே போனவன் போனவன்தான்!

நம்ம மனநல மருத்துவமனைகளோட பூர்வீகமும் இதே நினைப்புதான். 1794-ல் சென்னையில தொடங்கின காப்பகத்தோட வாரிசுதான் இன்றைய கீழ்ப்பாக்கம். ஊர்லேருந்து ஆளைப் பிரிச்சு வைக்கிறதுதான் அந்தக் காலத்துக் காப்பகங்களோட முக்கிய வேலை. வைத்தியம் பிறகு வந்து ஒட்டிக்கிட்டது.

ஒரு வார்டுல மூணு பேர் இருக்காங்கன்னு வெச்சுக்குவோம். முதல் ஆளுக்கு மேனியா உச்சத்துல இருக்கு, நாலு நாளா தூக்கமில்லை. சில வாரங்களுக்கு நெருக்கமான கண்காணிப்பும் மருந்தும் வேணும். ரெண்டாவது ஆளுக்குப் பல வருஷ ஸ்கிசோஃப்ரினியா. காதுல கேட்ட குரல்கள் அடங்கியாச்சு. ஆனா சமைக்கிறது, பஸ் ஏறுறது, சில்லறை எண்ணி வாங்குறது எல்லாம் மறுபடி பழகணும். மூணாவது அம்மா குணமாகி வருஷக்கணக்காச்சு. கூட்டிட்டுப் போகத்தான் ஆளில்லை. அவங்களுக்கு வேண்டியது படுக்கை இல்லைங்க, வீடு.

மூணு பேருக்கும் ஒரே பூட்டு, ஒரே மணியடிச்ச சாப்பாடுன்னா அது நிர்வாகத்துக்கு வசதி. நோயாளிக்கு? அந்த அம்மா படுக்கையில இருக்கிற வரைக்கும் புதுசா வர்ற அவசர கேஸுக்கு இடமும் கிடைக்காது. சரியான வைத்தியம் கைக்கெட்டாத குடும்பம் எங்கெங்கே போகும்? 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில சங்கிலியோட தீயில் சிக்கி இறந்த 28 பேரை நினைச்சுப் பாருங்க.

"இதுக்கெல்லாம் பணம் எங்கே சார்?"னு கேட்பாங்க. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில டாக்டர் வித்யாசாகர் புதுக் கட்டடத்துக்காகக் காத்திருக்கலை. வளாகத்துல கூடாரம் போட்டு, குடும்பத்தையும் நோயாளி கூடவே தங்க வெச்சார். நோயைப் புரிஞ்சுக்கிட்ட குடும்பம் ஆளைத் திரும்ப வீட்டுக்கு அழைச்சிட்டுப் போச்சு. குடும்பமே இல்லாதவங்களுக்கும் வழி இருக்கு. சென்னையில 1993-ல் தொடங்கின பான்யன் அமைப்பு, நீண்டகாலம் உள்ளேயே இருந்த பெண்களைச் சாதாரணத் தெருக்கள்ல வாடகை வீடு எடுத்துக் குடிவெச்சிருக்கு.

சட்டமும் இந்தப் பக்கம்தான். குடும்பம் ஏத்துக்கலை, வீடில்லைங்கிற காரணத்துக்காக மட்டும் ஒருத்தரை மனநல நிலையத்துல வெச்சிருக்கக் கூடாதுன்னு 2017 மனநலச் சட்டத்தோட 19-வது பிரிவு சொல்லுது.

அதனால, மனநலம்னு பேச்சு வந்தாலே "எத்தனை படுக்கை?"னு கேட்கிறதை முதல்ல நிறுத்தணும். படுத்திருக்கிறவங்கள்ல எத்தனை பேருக்கு மருந்து வேணும், எத்தனை பேருக்குப் பயிற்சி வேணும், எத்தனை பேருக்கு வீட்டுச் சாவி வேணும்னு கேட்கணும். இந்தக் கணக்கை ஒவ்வொரு மருத்துவமனையும் வருஷா வருஷம் வெளியிட்டாலே பாதிப் பூட்டு தானா திறந்துக்கும்னு நான் நம்புறேன். நீங்க என்ன நினைக்கிறீங்க?