ஒரே ரோடு, மூன்று போலீஸ்! சைக்கிள்காரனுக்கு எது சட்டம்?

கடப்பாக்கத்தில் சைக்கிளை எடுத்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே மிதித்தால் செங்கல்பட்டு மாவட்டம் முடிந்து விழுப்புரம் மாவட்டம் வந்துவிடும். மரக்காணம் தாண்டினால் காலாப்பட்டு, அது புதுச்சேரி. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் கோட்டக்குப்பம், மறுபடியும் தமிழ்நாடு! அதற்கப்புறம்தான் புதுச்சேரி டவுன். ரோடு ஒன்றுதான். போலீஸ் மூன்று.

அந்தக் காலத்திலேயே இந்தக் கூத்து உண்டு. நகராட்சியும் பஞ்சாயத்தும் சைக்கிளுக்கு வரி வாங்கிக்கொண்டு தகர வில்லை கொடுத்தன. வில்லை ஊருக்கு ஊர் வேறு. ஒரு ஊரில் டபுள்ஸ் போனால் ஏட்டய்யா கண்டுகொள்ள மாட்டார். பக்கத்து ஊரில் "இறங்குடா கீழே!" என்பார். டைனமோ எரியவில்லையா? வால்டியூப்பைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிடுவார். பாவப்பட்டவன் ராத்திரியில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு போய்ச் சேர வேண்டியதுதான்.

வில்லை போயிற்று. குழப்பம் போகவில்லை. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் சைக்கிள் மோட்டார் வாகனமே இல்லை. லைசென்சும் வேண்டாம், இன்ஷூரன்சும் வேண்டாம். சந்தோஷம்தான். ஆனால் அவனுக்கென்று ரோட்டில் ஒரு ஓரத்தை யார் ஒதுக்குவது? அது அந்தந்த ஊர் அதிகாரிகளின் இஷ்டமாகிவிட்டது.

கல்கத்தாவைப் பாருங்கள். அங்கே போலீசார் 2008-ல் முப்பத்துச் சொச்சம் ரோடுகளில் சைக்கிளைத் தடுத்தார்கள். 2013-ல் அது 174 ரோடு ஆயிற்று. பால்காரனும் பேப்பர் பையனும் அபராதம் கட்டினார்கள். கூச்சல் கிளம்பிய பிறகு பட்டியலைக் குறைத்தார்கள். ஆனால் ஒட்டியிருக்கிற நியூ டவுனில் சைக்கிளுக்கென்றே தனிப் பாதை! அதே மனுஷன், அதே சைக்கிள். இங்கே குற்றவாளி, அங்கே ராஜா.

நம்ம பக்கம் தடையும் இல்லை, பாதையும் இல்லை. விடியுமுன் உப்பளத்துக்குப் போகிறவர்களும், கூடையைக் கேரியரில் கட்டி மீன் விற்கப் போகிறவர்களும், அரசு கொடுத்த இலவச சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் ஆம்னி பஸ்சோடும் வார விடுமுறைக் கார்களோடும் மல்லுக்கட்டுகிறார்கள். 2022-ல் மட்டும் நாடு முழுக்க விபத்தில் செத்த சைக்கிள்காரர்கள் 4,800 பேருக்கு மேல். கணக்கு எழுதுவதில் மட்டும் யாரும் குறை வைப்பதில்லை!

மாமல்லபுரம் - புதுச்சேரி சாலையை நால்வழியாக்கும் வேலையைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் மூன்று துண்டாகப் பிரித்து எடுத்திருக்கிறது. ரோடு அகலமானால் கார் இன்னும் பறக்கும். சைக்கிள்காரன் குறுக்கே கடக்க வேண்டிய தூரமும் கூடும். ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்க வருகிறவருக்கு அது சவுகரியம். கடப்பாக்கத்துக்காரனுக்கு?

செங்கல்பட்டு, விழுப்புரம் கலெக்டர்களும் புதுச்சேரி அதிகாரிகளும் ஒரு நாள் ஒரே மேஜையில் உட்காரட்டும். ஊர் வருகிற இடங்களிலாவது இரண்டு பக்கமும் சைக்கிளுக்குத் தனி ஓரம், பள்ளிக்கூடத்தின் எதிரே பத்திரமாகக் கடக்க வழி, பின் மட்கார்டில் ஒளி வில்லை இல்லாத பழைய வண்டிகளுக்கு இலவசமாக ஒன்று. மரக்காணத்தில் ஒன்று, காலாப்பட்டில் வேறொன்று என்று இல்லாமல், வழி நெடுக ஒரே மாதிரி செய்யட்டும். தார் ஊற்றி முடித்த பிறகு பெட்டிஷனை வாங்கிக்கொண்டு "பார்க்கலாம்" என்று சொல்ல வேண்டாம்.