கேட்பவரைக் கேட்க ஒருவர்



இந்த இதழின் சிறப்புப் பகுதியை உளவளத்துணைக்கு ஒதுக்கியிருக்கிறோம். மனம் நொந்து வருபவர்களைப் பற்றிப் பல பக்கங்கள் எழுதப்பட்டுவிட்டன. அவர்களுக்கு எதிர்க் கதிரையில் இருந்து கேட்பவரைப் பற்றி நாம் அதிகம் கதைப்பதில்லை. எந்த நிறுவனத்தையும் சாராமல், வீட்டு முன்னறையிலோ வாடகைக்கு எடுத்த சிறிய அறையிலோ தனித்துத் தொழில் செய்யும் உளவளத்துணையாளரைப் பற்றி இன்று உங்களோடு கதைக்க விரும்புகிறேன். அவர் யாழ்ப்பாணத்தை ஒட்டிய நம்முடைய தீவகத்தில் இருப்பவர் என்றால், அவருடைய சுமை இன்னும் பாரமானது.

தீவகத்தில் ஒருவர் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கினால் அவரிடம் வந்து சேர்பவை எவை? 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில், குழந்தைகள் உட்படப் பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தக் குடும்பங்கள் இன்றும் அதே கடலைக் கடந்துதான் யாழ்ப்பாணம் போய் வருகின்றன. 1990 ஓகஸ்ட்டில் மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பகுதிகளில் பிடித்துச் செல்லப்பட்ட ஆண்கள் திரும்பி வரவில்லை. 2006 ஓகஸ்ட்டில் அல்லைப்பிட்டியில் தஞ்சம் தேடித் தேவாலயத்துக்குள் இருந்தவர்கள்மீது எறிகணைகள் விழுந்தன. இவற்றுக்கு மேல் இன்றைய துயரங்கள் வந்து குவிகின்றன: நுண்கடன், குடி, வெளிநாட்டுக்குப் போகக் காத்திருந்து சோர்ந்துபோன இளைஞர்கள், பிள்ளைகள் எல்லோரும் புலம்பெயர்ந்தபின் பெரிய வீட்டில் தனித்திருக்கும் முதியவர்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டுத் துயரம் தனி வகையானது. அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு விளக்கினார். இறந்தவருக்குச் செய்யும் கிரியைகளைச் செய்ய முடியாது; வருவார் என்று நிம்மதியாகக் காத்திருக்கவும் முடியாது. அப்படிக் காத்திருக்கும் ஒரு தாயின் எதிரே இருக்கும் உளவளத்துணையாளரிடம் கொடுப்பதற்குப் பதில் ஒன்றும் இல்லை. பதில் இல்லாத இடத்தில் ஓடிப்போகாமல் அந்தத் தாயோடு இருப்பதுதான் உளவளத்துணையாளரின் வேலை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அப்படி இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது என்று நாம் எப்படி நம்பினோம்?

ஆகும் என்பதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பிறருடைய நெருக்கீட்டைத் தொடர்ந்து கேட்பவரின் உலகப் பார்வையே மாறிவிடக்கூடும் என்று 1990இல் மக்கானும் பேர்ல்மனும் எடுத்துரைத்தார்கள். 1995இல் சார்ள்ஸ் பிக்லி, இரக்கப்பட்டு இரக்கப்பட்டே ஒருவர் களைத்துப்போவதைப் பற்றித் தனி நூலே தொகுத்தார். அறிகுறிகள் சாதாரணமானவை, அதனால்தான் தப்பிவிடுகின்றன. நித்திரை குறையும். வீட்டில் கோபம் கூடும். குறிப்பிட்ட ஒரு துணைநாடி (உதவி நாடி வருபவர்) வரும் நாளில் காலையிலேயே தலை இடிக்கும். ஒருவருக்கு மட்டும் ஒரு மணித்தியாலம் இரண்டாக நீளும். செய்ய முடியாததைச் செய்வதாக வாக்குக் கொடுக்கத் தோன்றும். அல்லது எதைக் கேட்டாலும் உள்ளே ஒன்றும் அசையாமல் போகும்.

இதற்கு உலகெங்கும் பழக்கத்தில் இருக்கும் ஏற்பாடுதான் தொழில்சார் மேற்பார்வை. 1920இல் பேர்லினில் தொடங்கிய உளப்பகுப்பாய்வு நிலையத்தில், பயிற்சி பெறுபவர் தாம் பார்க்கும் நோயாளரைப் பற்றி மூத்தவர் ஒருவரோடு ஒழுங்காகக் கலந்துபேசும் முறை பயிற்சியின் பகுதியானது. இன்று பிரித்தானிய உளவளத்துணை, உளச்சிகிச்சைச் சங்கம் தன்னிடம் தரச்சான்று பெற்ற உறுப்பினர்களிடம் மாதம் ஆகக் குறைந்தது ஒன்றரை மணித்தியால மேற்பார்வையை எதிர்பார்க்கிறது. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் அதில் விலக்கில்லை. அனுபவம் கூடக்கூடச் சுமையும் கூடுகிறது என்பதை அந்தத் தொழில் கண்டுகொண்டதன் விளைவு அது.

மேற்பார்வை நேரத்தில் என்ன நடக்கிறது? ஓர் உதாரணம் சொல்கிறேன். சிறுவயதில் இடம்பெயர்ந்து வளர்ந்த ஓர் உளவளத்துணையாளரிடம், அதே காலத்தில் அதே பாதையில் நடந்த ஒரு பெண் வருகிறார். அவர் அழத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் உளவளத்துணையாளர் அவசரமாக அறிவுரைக்குத் தாவிவிடுகிறார். தான் தாவுவது அவருக்கே தெரியாது. மேற்பார்வையாளர் அமைதியாகக் கேட்பார்: “அந்தப் பிள்ளை அழேக்க உங்களுக்கு என்ன நடந்தது?” அங்கேதான் கதவு திறக்கிறது. பிரித்தானியாவின் பிரிஜிட் புரொக்டர் 1980களில் மேற்பார்வையின் பணியை மூன்றாக வகுத்தார்: திறனை வளர்த்தல், அறநெறியையும் தரத்தையும் காத்தல், களைத்தவரை மீண்டும் நிமிர்த்துதல். மூன்றும் சேர்ந்தால்தான் அது முழுமையாகும். குறைகளை மட்டும் எண்ணும் மேற்பார்வை ஆளை ஒடுக்கிவிடும். ஆறுதல் மட்டும் சொல்லும் மேற்பார்வை துணைநாடியைக் கைவிட்டுவிடும்.

வடக்குக்கு இது புதிய சிந்தனையும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ‘சாந்திகம்’ 1987இல் உருவாகி, போரின் நடுவிலும் உளவளத்துணையாளர்களைப் பயிற்றியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் உளத்தாக்கத்தை 1998இல் ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ என்ற நூலில் ஆவணப்படுத்தினார். தனிமனிதர் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன என்று தொடர்ந்து எழுதினார். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயமும் 1996இல் வெளியிட்ட அகதிகளின் உளநலக் கைநூல் தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப மாற்றி எழுதப்பட்டு, சமூக மட்டப் பணியாளர்களின் பயிற்சிக்குப் பயன்பட்டது. அவசரகால உளசமூகப் பணிக்கான 2007ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டி, பணியாளர்களின் உளநலத்தைப் பேணுவதை ஒரு தனிக் கடமையாகவே வைத்திருக்கிறது.

நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு ஆகக் குறைந்தது பக்கத்து மேசையில் ஒருவர் இருப்பார். தனித்துத் தொழில் செய்பவருக்கு அதுவும் இல்லை. தீவகம் அந்தத் தனிமைக்குள் இன்னொரு சிக்கலையும் வைத்திருக்கிறது. நீங்கள்தான் அந்த உளவளத்துணையாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்து நிற்கும்போது நேற்று உங்கள் முன்னால் அழுதவர் பக்கத்தில் நிற்கிறார். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவில் அவருடைய மாமியார் உங்களோடு கதை கொடுக்கிறார். உங்களிடம் வரும் கணவனும், பெயர் சொல்லாமல் அவர் குறிப்பிடும் மனிதரும் உங்கள் சொந்தக்காரர்களாகவே இருக்கலாம். ஒரு வீட்டு வாசலில் யாருடைய சைக்கிள் நிற்கிறது என்பது ஊருக்கே தெரியும். இந்த நிலையில் இரகசியம் காப்பது எப்படி, யாரை ஏற்பது, யாரை வேறொருவரிடம் அனுப்புவது, சொந்தக்காரரிடம் கட்டணம் வாங்கலாமா, குறிப்பேட்டை எங்கே பூட்டி வைப்பது? மாநகரத்துப் பாடப்புத்தகத்தில் இவற்றுக்கு நேரடி விடை கிடைக்காது. கூட இருந்து யோசிக்க ஒரு மனிதர் வேண்டும்.

அவசரநிலையையும் சொல்ல வேண்டும். சோளகக் காற்று வீசும் ஒரு பின்னேரத்தில், நெடுந்தீவில் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னால், அடுத்த படகு காலையில்தான் என்றால், உளவளத்துணையாளர் என்ன செய்வார்? அந்த இரவில் யார் அவரோடு தங்குவது, உள்ளூர் வைத்தியசாலையில் யாரை அழைப்பது, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைக்கோ யாழ் போதனா வைத்தியசாலைக்கோ எப்படிக் கொண்டுபோவது என்பதெல்லாம் கடல் அமைதியாக இருக்கும் நாளிலேயே மேற்பார்வையாளரோடு இருந்து எழுதி வைக்கப்பட வேண்டியவை. தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கமும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

முழுமையான மேற்பார்வை என்று நாம் சொல்வது இதைத்தான். துணைநாடியின் கதையோடு, அதைக் கேட்பவரின் உடல், நித்திரை, குடும்பம், வருமானம், வழிபாடு, அவருடைய சொந்தப் பழைய காயம் எல்லாவற்றுக்கும் அங்கே இடம் வேண்டும். நம் கடற்றொழிலாளர் படகைக் கரையேற்றி அடிப்பாகம் பார்த்துப் பழுது நீக்கும் நாள்களை வீணான நாள்கள் என்று யாரும் சொல்வதில்லை. உளவளத்துணையாளருக்கும் அப்படிக் கரையேறும் நேரம் தொழிலின் பகுதியாக இருக்கட்டும்.

எப்படித் தொடங்கலாம்? எங்கள் யோசனைகள் எளியவை. மேற்பார்வையாளர் தீவகத்துக்கு வெளியே இருப்பவராக இருப்பது நல்லது. இங்கே எல்லோரும் எல்லோருக்கும் உறவு. மாதாந்தச் சந்திப்புத் தொலைபேசியிலோ சூமிலோ நடக்கலாம்; சில மாதங்களுக்கு ஒருமுறை யாழ்ப்பாணத்தில் நேரில் இருந்து பேசலாம். வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று சிதறியிருப்பவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, துணைநாடிகளின் பெயரும் அடையாளமும் வெளிப்படாமல் ஒருவரையொருவர் தாங்கும் வட்டம் அமைக்கலாம். அரச உளவளத்துணை உத்தியோகத்தர்களும் அதில் இணைந்தால் வட்டம் இன்னும் வலுப்பெறும்.

பணம்? தனித்துத் தொழில் செய்பவர் தம் சிறிய வருமானத்திலிருந்து மேற்பார்வைக்கும் கொடுப்பது கடினம். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் நம்முடைய ஊர்ச் சங்கங்களிடம் உரிமையோடு கேட்கிறேன்: பாடசாலைக்கும் கோயிலுக்கும் அள்ளிக் கொடுத்த கைகள், ஓர் உளவளத்துணையாளரின் ஓராண்டு மேற்பார்வைச் செலவையும் ஏற்கலாம். அங்கே இந்தத் தொழிலில் இருக்கும் தமிழர்கள் தங்கள் நேரத்தைக் கொடுக்கலாம். கொடுக்குமுன் இங்குள்ள வாழ்வை, இங்குள்ளவர்களிடமே பொறுமையாகக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

வாசகர்களாகிய உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உளவளத்துணையாளர் ஒருவரிடம் போகும்போது, “உங்களுக்கு மேற்பார்வை செய்பவர் இருக்கிறாரா?” என்று தயங்காமல் கேளுங்கள். அது அவமரியாதை ஆகாது, உங்கள் உரிமை. “இருக்கிறார்” என்று சொல்பவரிடம் உங்கள் கதை கூடுதல் பாதுகாப்போடு இருக்கும். “இல்லை” என்று சொல்பவர் அடுத்த வாரமே ஒருவரைத் தேடத் தொடங்கக்கூடும். உளவளத்துணையாளராக இருந்து இதை வாசிப்பவர்களே, உதவி கேட்பது உங்கள் தகுதியைக் குறைக்காது. உங்களிடம் வருபவருக்கு நீங்கள் நாள்தோறும் சொல்வதும் இதைத்தானே? எங்களுக்கு எழுதுங்கள். ஒருவரையொருவர் அறியாமல் தனித்தனித் தீவுகளில் இருக்கும் உங்களை இணைத்துவைக்கும் வேலையை இந்த இதழ் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்